நினிவே காட்டின கெத்து, ஏசாயா கொடுத்த பதில்

ரப்சாக்கே வந்து நிக்கிற இடத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன். வேற எங்க இருந்து ஆரம்பிச்சாலும் என் மனசு அங்கேதான் ஓடிப் போய் நிக்கும். ஏசாயா 36-ஆம் அதிகாரம், கி.மு. 701. கற்பனை பண்ணிப் பாருங்க. எருசலேம் மதில் மேல ஜனங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. யூதாவோட அரண் கட்டின ஊரெல்லாம் ஒண்ணு விடாம விழுந்துக்கிட்டு இருக்கு. அசீரியாவோட பேரரசன் சனகெரிப் லாகீஸ்ல உக்காந்துக்கிட்டு, தன்னோட பெரிய அதிகாரி ரப்சாக்கேயை ஒரு படையோட இங்கே அனுப்பியிருக்கான். அந்த ஆளு வந்து நிக்கிற இடம் மேற்குளத்துக் கால்வாய் ஓரம், வண்ணார் துறைக்குப் போற வழி. வியாசர்பாடிக்காரன் எனக்கு வண்ணார் துறைன்னதும் வண்ணாரப்பேட்டைதான் கண்ணுல வரும், என்ன பண்றது! அங்கே நின்னு மேலே நிமிர்ந்து பார்த்து அவன் பேச ஆரம்பிக்கிறான் பாருங்க, ஐயோ, என்ன பேச்சு அது! எகிப்தை நம்புறியா, அது முறிஞ்ச நாணல், சாய்ஞ்சா கையிலதான் குத்தும்ங்கிறான். நான் ரெண்டாயிரம் குதிரை சும்மா தர்றேன், ஏறி உக்கார ஆள் இருக்கா உன்கிட்டங்கிறான். யூதா ராஜா எசேக்கியாவோட அதிகாரிங்க நடுங்கிப்போய், ஐயா, அரமேய பாஷையில பேசுங்க, எங்களுக்குப் புரியும், மதில் மேல இருக்கிற ஜனங்க காதுல விழ வேண்டாம்னு கெஞ்சுறாங்க. அவன் உடனே குரலை இன்னும் உசத்தி, ஊர் ஜனங்களோட பாஷையிலேயே கத்த ஆரம்பிக்கிறான்! உங்க ராஜாகிட்ட நான் பேச வரலை, மதில் மேல உக்காந்திருக்கிற இவங்ககிட்டதான் பேச வந்தேன்னு சொல்லி, பசியில இவங்க என்னத்தைத் தின்னப் போறாங்க, என்னத்தைக் குடிக்கப் போறாங்கன்னு ஒரு வார்த்தை விடுறான். அதை நான் இங்கே எழுத மாட்டேன், நீங்களே எடுத்துப் படிங்க. மெர்சலாயிடுவீங்க.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சது எங்க தெருவுலதான். மே மாசப் புழுக்கத்துல சாமியானா போட்டு, டியூப் லைட் வரிசையா கட்டி, குழாய் ஸ்பீக்கர்ல கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கம் ரயில் கடக்கும்போதெல்லாம் பிரசங்கியார் நிறுத்துவார். ரயில் போன அடுத்த நொடி விட்ட வார்த்தையிலேயே மறுபடி பிடிப்பார். அன்னிக்கு அவர் ரப்சாக்கேவா மாறி மேடையோட விளிம்புக்கே வந்து எங்களைப் பார்த்துக் கத்தினார் பாருங்க, முன்வரிசையில இருந்த எங்க ஆயா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, "அடப்பாவி, என்னா திமிரு பாரு இவனுக்கு"ன்னு நிஜமாவே திட்டிச்சு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆயாவோட வேதாகமத்துல அட்டை கிழிஞ்சு நூல் தொங்கும். அதுல திக்லாத்பிலேசர், எசரத்தோன், நேபுகாத்நேச்சார்னு வர்ற பேருங்களை நான் சத்தமா வாசிச்சுக்கிட்டே வீட்டுக்குள்ள சுத்துவேன். இதுல ஒரு பெருமை வேற. பழைய ஏற்பாட்டை ஃபப்ரிசியுஸ் ஐயர் தமிழாக்கினது எங்கே தெரியுமா? நம்ம வேப்பேரியில, 18-ஆம் நூற்றாண்டுல! அசீரியாவோட தலைநகரம் நினிவேயோட ராஜாங்க தமிழ் பேசப் பழகினது எங்க வீட்டுல இருந்து ஷேர் ஆட்டோவுல போயிடுற தூரத்துல. இதைச் சொன்னா ஃப்ரெண்ட்ஸ், "சரிடா, டீயைக் குடி"ங்கிறாங்க. ரசனை கெட்டவனுங்க.

சரி, அந்த வண்ணார் துறைக்கு வாங்க, அங்கே ஒரு விஷயம் இருக்கு, அதைக் கவனிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் போச்சு. ஏசாயா 7-ஐப் புரட்டுங்க. முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடி நடந்த கதை. எசேக்கியாவோட அப்பா ஆகாஸ் ராஜாவா இருக்கான். பக்கத்து நாட்டு ராஜாங்க ரெண்டு பேர் சேர்ந்து படையெடுத்து வர்றாங்க, ஆகாஸ் நடுங்கிக்கிட்டு இருக்கான். தீர்க்கதரிசி ஏசாயா தன் பையனைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் அவனைச் சந்திச்சு, பயப்படாதே, இவங்க ரெண்டு பேரும் அணைஞ்சு புகையுற கொள்ளிக்கட்டைங்கன்னு சொல்றார். எங்கே வச்சு? மேற்குளத்துக் கால்வாய் ஓரம், வண்ணார் துறை வழி! அதே இடம்! ஆகாஸ் கேட்டானா? கோயில்ல இருந்த வெள்ளியையும் பொன்னையும் வழிச்சு எடுத்து அசீரியா ராஜா திக்லாத்பிலேசருக்கு அனுப்பி, வந்து காப்பாத்துப்பான்னு கூப்பிட்டான். அந்த ராஜாவோட சொந்தக் கல்வெட்டுலயும் கப்பம் கட்டினவங்க பட்டியல்ல யூதாவோட ஆகாஸ் பேர் இருக்கு. அப்பன் காசு கொடுத்துக் கூப்பிட்ட அதே அசீரியா, மகன் காலத்துல, அப்பன் கேக்காம விட்ட அதே இடத்துல வந்து நின்னு கத்துது. எந்த சினிமாக்காரன்யா இப்படி ஒரு திரைக்கதை எழுதுவான்! இதுக்காக ராத்திரி ரெண்டு மணிக்கு மச்சானுக்கு போன் போட்டேன். அவன் எண்ணூர்ல நைட் ஷிஃப்ட்ல இருந்தான், யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பதறிட்டான். "ஒண்ணும் இல்லடா, வண்ணார் துறை"ன்னேன். கட் பண்ணிட்டான்.

இப்போ எட்டாம் அதிகாரம். இதை வியாசர்பாடிக்காரன் மாதிரி வேற யாரும் படிக்க முடியாதுன்னு நான் சவால் விடுவேன். மெதுவா ஓடுற எருசலேமோட சீலோவாத் தண்ணி வேண்டாம்னு சொல்லிட்டீங்க இல்ல, அப்போ ஐப்பிராத்து ஆறு வரும், அசீரியா ராஜாவும் அவனோட ஆடம்பரமும் அந்த ஆறா கரை புரண்டு யூதாவுக்குள்ள வரும், கழுத்து வரைக்கும் ஏறும்ங்கிறார் ஏசாயா. கழுத்து வரைக்கும்! ரெண்டு நாள் மழை பேஞ்சா கணேசபுரம் சுரங்கப்பாதை என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். 2015 வெள்ளமும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலும் என்ன பண்ணிச்சுன்னு எங்க வீட்டுச் சுவர்ல இன்னும் கோடு இருக்கு. கணுக்கால்ல இருக்கும்போது கேலி பண்ணுவோம், முட்டிக்கு வந்தா கேஸ் சிலிண்டரைத் தூக்கிக் கட்டில் மேல வைப்போம், இடுப்புக்கு வந்தா பேச்சு நின்னுடும். அதனாலதான் அந்த வசனத்துல ஏசாயா எங்கே நிறுத்துறார்னு எனக்குச் சட்டுனு பட்டுச்சு. கழுத்தோட நிறுத்துறார், தலை முங்கலை! 701-ல அப்படியே நடந்துச்சுங்க. ஊர் ஊரா முங்கிப் போச்சு, தலைநகரம் எருசலேம் மட்டும் மேல நின்னுச்சு.

இதை நான் சும்மா பக்தியில உளறலை. எதிராளியே எழுதி வச்சிருக்கான்! நினிவேயில 1830-ல கிடைச்ச ஆறு பக்கக் களிமண் பட்டயம் ஒண்ணு இப்போ லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, டெய்லர் பிரிஸம்னு பேர். அதுல சனகெரிப் தன் வாயாலேயே சொல்றான்: எசேக்கியாவோட 46 அரண் சூழ்ந்த ஊரைப் பிடிச்சேன், 2,00,150 பேரை வெளியே கொண்டாந்தேன், 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி வாங்கினேன். நம்ம இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தைத் திறங்க. பொன் அதே 30 தாலந்து! வெள்ளி மட்டும் 300-ன்னு இருக்கு. பெரியவன் பில்லை ஏத்தி எழுதியிருப்பான், விடுங்க. அப்புறம் எசேக்கியாவை எருசலேமுக்குள்ளேயே கூண்டுப் பறவையாட்டம் அடைச்சு வச்சேன்னு பீத்திக்கிறான். சரி, பிடிச்சியா? அதைப் பத்தி மூச்சே விடலை! பிடிச்சிருந்தா சும்மா விட்டிருப்பானா? லாகீஸைப் பிடிச்சதை அரண்மனையில ஒரு அறை முழுக்கச் செதுக்கி வச்சவன் அவன். மண்மேடு கட்டி மதில் இடிக்கிற வண்டி ஏறுறது, வில்லாளிங்க, கழுவுல ஏத்தின கைதிங்க, மூட்டை முடிச்சோட மாட்டு வண்டியில போற குடும்பங்கன்னு அத்தனையும் கல்லுல இருக்கு. அந்தக் கல்லுங்களும் லண்டன்லதான். எருசலேமைப் பிடிச்ச மாதிரி ஒரு கல்லு கூடக் கிடையாது.

கூண்டுப் பறவைன்னான் இல்ல? இப்போ ஏசாயா 10-க்கு வாங்க. இங்கேதான் நான் நாற்காலியில இருந்து எழுந்து நின்னுட்டேன். அந்த அதிகாரத்துல ஏசாயா அசீரியா ராஜாவோட குரல்லேயே பேசுறார். பறவைக் கூட்டுல கைவிட்டு முட்டையை அள்ளுற மாதிரி நாடுகளையெல்லாம் அள்ளினேன், ஒண்ணு கூட றெக்கை அடிக்கலை, வாயைத் திறக்கலைன்னு அந்த ராஜா பீத்திக்கிறானாம். பார்த்தீங்களா! அசீரியாக்காரங்க பட்டயத்துக்குப் பட்டயம் எதிரிங்களைப் பறவைன்னு எழுதுறவங்க. லெபனோன் மலையேறி கேதுரு மரம் வெட்டினேன்னு அவங்க ராஜாங்க தலைமுறை தலைமுறையா எழுதிக்கிறாங்க, 37-ஆம் அதிகாரத்துல ஏசாயா சனகெரிப் வாயில அதே வார்த்தையை வைக்கிறார். கைதி ராஜாங்களை வளையம் மாட்டிக் கயித்துல இழுக்கிற மாதிரி அவங்க கல்லு செதுக்குவாங்க, எசரத்தோன் கையில அப்படிக் கயிறு பிடிச்சு நிக்கிற பெரிய கல்லு ஒண்ணு பெர்லின்ல இருக்கு. ஏசாயா என்ன சொல்றார்? சனகெரிப்பே, உன் மூக்குல துறட்டைப் போட்டு, வாயில கடிவாளத்தை மாட்டி, வந்த வழியே உன்னைத் திருப்புவேன்னு கடவுள் சொல்றாராம்! இந்த மனுஷனுக்கு எதிரியோட விளம்பரம் மொத்தமும் அத்துப்படி. எங்க பக்கம் ஒரு கட்சி ஒரு முக்குல கூட்டம் போட்டு விளாசினா, அடுத்த வாரமே எதிர்க்கட்சி அதே முக்குல, அதே மைக் செட்டை வச்சு, அவன் சொன்ன ஒவ்வொரு வரியையும் எடுத்துத் திருப்பி அடிப்பான் பாருங்க, சாட்சாத் அதுதான் இது. என்ன, இங்கே எதிர்க்கட்சி உலகத்துலேயே பெரிய வல்லரசு, இவர்கிட்ட ஒரு சின்ன மலை ஊரைத் தவிர ஒண்ணுமே இல்லை.

அந்தப் பத்தாம் அதிகாரத்துல இன்னொண்ணு இருக்கே! அசீரியா என் கோபத்தோட கோல், என் கையில இருக்கிற தடிங்கிறார் கடவுள். அப்புறம் ஒரு கேள்வி: கோடாலி தன்னை வச்சு வெட்டுறவனுக்கு எதிரா மேன்மை பாராட்டலாமா? யோசிங்க. திக்லாத்பிலேசர், சர்கோன், சனகெரிப்னு வரிசையா ஒருத்தனை விட ஒருத்தன் பயங்கரம். கி.மு. 722-ல வடக்கே இஸ்ரவேலோட தலைநகர் சமாரியா போச்சு, 27,290 பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன்னு சர்கோன் கணக்கே எழுதி வச்சிருக்கான். அவ்வளவு பெரிய ராட்சசனைப் பார்த்து, நீ ராஜா இல்லைப்பா, நீ ஒரு கோடாலி, பிடி வேற ஒருத்தர் கையில இருக்குன்னு சொல்ற தைரியம் எங்கே இருந்து வந்துச்சு! தோத்த ஊர்க்காரன் சாமியும் தோத்துப் போச்சுன்னு உலகமே நம்பின காலத்துல, இல்லை, உன் படையே எங்க கடவுளோட வேலைக்காரன்னு ஒரு மனுஷன் திருப்பிப் போட்டார். இதுல ரப்சாக்கே இருக்கானே, அவன் சாமர்த்தியத்தைக் கேளுங்க. கர்த்தர்தான் என்னை அனுப்பினார், இந்தத் தேசத்தை அழின்னு அவரே சொன்னார்ங்கிறான் மதிலடியில நின்னு! ஏசாயாவோட பாயிண்டையே எடுத்து ஏசாயா ஊர் மேல வீசுறான்! ரெண்டு பக்கமும் ஒரே ஆயுதத்தைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கிறாங்க. மதில் மேல இருந்த ஜனங்க ஒரு வார்த்தை பேசலையாம். பேசாதேன்னு ராஜா உத்தரவு. எனக்குன்னா தொண்டை வெடிச்சிருக்கும்.

அப்போ என்னதான் ஆச்சுன்னா, ஒரே ராத்திரியில கர்த்தருடைய தூதன் பாளையத்துல 1,85,000 பேரைச் சங்காரம் பண்ணினான்ங்குது வேதம். சனகெரிப் படை எகிப்து எல்லையில நின்னப்போ எலிங்க வந்து வில் நாணையெல்லாம் கடிச்சுப் போட்டுச்சுன்னு கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்றார். பட்டயம் வாயே திறக்கலை. ஆராய்ச்சிக்காரங்க இன்னும் மோதிக்கிட்டு இருக்காங்க, மோதட்டும், எனக்கு மூணும் பிடிச்சிருக்கு. முற்றுகைக்குத் தண்ணி வேணும்னு எசேக்கியா பாறைக்குள்ள வெட்டின சுரங்கம், கிட்டத்தட்ட 533 மீட்டர், இன்னிக்கும் எருசலேம்ல இருக்கு, அதுல தண்ணி ஓடுது. ரெண்டு முனையில இருந்தும் ஆளுங்க வெட்டிக்கிட்டே வந்து, பாறைக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டு, நடுவுல சந்திச்சதைக் கல்லுலயே பொறிச்சு வச்சிருக்காங்க. பாறையில உளி விழுற சத்தம், எண்ணெய் விளக்குப் புகை, வேர்வை, திடீர்னு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு மனுஷக் குரல்! நம்ம ஊர்ல மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டினப்போ ஒவ்வொரு தடவையும் எனக்கு எசேக்கியா ஞாபகம்தான்.

இந்தக் கல்லையெல்லாம் பார்க்க லண்டனுக்குப் போக நம்மகிட்ட காசு ஏது? ஆனா பம்பாய் இருக்கே! கொஞ்சம் ஆடிப் போற விஷயம் சொல்றேன். லேயார்ட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1840-கள்ல நிம்ரூத், நினிவே மேடுகளைத் தோண்டினார் இல்ல, அந்தச் சிலைப் பெட்டிங்க பஸ்ராவுல கப்பல் ஏறிப் பம்பாய் வழியாத்தான் இங்கிலாந்து போச்சு. இஸ்ரவேல் ராஜா யெகூ அசீரியா ராஜா காலடியில குப்புற விழுற காட்சி செதுக்கின கறுப்புக் கல் தூண், எலிசா தீர்க்கதரிசி ஆள் அனுப்பி அபிஷேகம் பண்ணின அதே யெகூ, அவரோட உருவம் இருக்கிற அந்தத் தூணும் பம்பாய்க்கு வந்துச்சு. பெட்டியைத் திறந்து ஊர் ஜனங்க வேடிக்கை பார்த்திருக்காங்க! 1848-ல அதை ஏத்திக்கிட்டுப் போன ஜம்னாங்கிற கப்பல் புயல்ல மாட்டி, பாய்மரம் ஒடிஞ்சு, இலங்கைப் பக்கம் ஒதுங்கித்தான் தப்பிச்சுது. ஹார்பர் பக்கத்துல பொறந்து வளர்ந்தவன் எனக்கு இதைக் கேட்டா எப்படி இருக்கும்? நம்ம கடல்ல யெகூ ஆடி ஆடிப் போயிருக்கான்யா!

நிம்ரூத் அரண்மனைச் சுவர்க் கல்லு சிலது பம்பாயிலேயே தங்கிடுச்சு. காலா கோடா பக்கம் அந்தப் பெரிய கும்மட்டம் வச்ச மியூசியம், சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்க்ரஹாலயா, அங்கே இருக்கு. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போன சாக்குல ஓடினேன். வெளியே வெயில், உள்ளே ஜில்லுன்னு குளிர்ச்சி, பள்ளிக்கூடப் பசங்க கூட்டமா மம்மி பார்க்க ஓடுதுங்க. நான் மட்டும் அந்தக் கல்லு முன்னாடி வந்து நின்னேன். அப்பா! அந்தத் தாடி இருக்கே, ஒவ்வொரு சுருளும் தனித்தனியா, இப்பத்தான் சலூன்ல இருந்து எழுந்து வந்த மாதிரி. உளி போன பள்ளம் விரல் வைக்கச் சொல்லி இழுக்குது, வைக்கக் கூடாது, கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன். ஆமோஸும் ஓசியாவும் ஏசாயாவும் மீகாவும் எந்த மூஞ்சியை நினைச்சுப் பேசினாங்களோ அந்த மூஞ்சி, எந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்தை நினைச்சு எங்க ஆயா முந்தானையைக் கடிச்சுதோ அந்தக் குளம்புங்களோட ராஜ்யம், இங்கே, பிளாட்பாரத்துல வடா பாவ் விக்கிற ஊர்ல, ஒரு கை நீட்டுற தூரத்துல! "யோவ் அசீரியா!"ன்னு வாய்விட்டுக் கத்திட்டேன். செக்யூரிட்டி வந்து மேலும் கீழும் பார்த்தார். அவர்கிட்ட எனக்குத் தெரிஞ்ச இந்தியில, "பைபிள் மே ஹை, பைபிள் மே ஹை"ன்னு கல்லைக் காட்டினேன். தலையை ஆட்டிட்டு ஸ்டூல்ல போய் உக்காந்துட்டார். கண்ணுல தண்ணி வேற, கர்ச்சீஃப் இல்லை, சட்டைக் கையிலதான் துடைச்சேன். என் பொண்டாட்டி எனக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நாணயக் காட்சிப் பக்கம் நழுவிட்டா.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் உறுத்தும், சொல்லிடறேன். நாகூம். கி.மு. 612-ல பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து நினிவேயைத் தரைமட்டம் ஆக்கினாங்க. அந்த வீழ்ச்சியை மூணே அதிகாரத்துல பாடினவர் நாகூம். சாட்டைச் சத்தம், சக்கரம் உருளுற சத்தம், குதிரை பாயுறது, பொணத்து மேல தடுக்கி விழுறதுன்னு காதுல அறையிற எழுத்து. ஆனா செத்தவங்களைப் பார்த்துக் கை தட்டுற ஒரு சந்தோஷம் அதுல இருக்கு, அந்த இடத்துல கொஞ்சம் நெளிவேன். நெளிஞ்சுக்கிட்டே மறுபடி முதல்ல இருந்து படிப்பேன், அது வேற விஷயம்.

ஏன்னா அதுக்கு மாத்து வேதத்துக்குள்ளேயே இருக்கு. யோனா! அதே நினிவேக்குப் போடான்னா கப்பல் ஏறி எதிர்த்திசையில ஓடினவர், கடைசியில ஊரே மனம் திரும்பி மிருகங்களுக்குக் கூட இரட்டு உடுத்தி உபவாசம் போட்டதும், ஏன்டா பொழைச்சாங்கன்னு வெயில்ல உக்காந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறார். எங்க ஆயா இந்த இடத்துல விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த யோனா பேர்ல மோசூல்ல, பழைய நினிவே மேட்டு மேல, ஒரு பள்ளிவாசல் இருந்துச்சு. 2014-ல ஐஎஸ்காரங்க வெடி வச்சுத் தகர்த்தாங்க. அவங்க போனதுக்கு அப்புறம் அடியில பார்த்தா சுரங்க வழிங்க, உள்ளே சனகெரிப்போட மகன் எசரத்தோன் அரண்மனை! யோனாவுக்குக் காலுக்குக் கீழேயே அசீரியா ராஜா வீடு. கேக்கறப்பவே ஜிவ்வுன்னு இல்லை?

இன்னும் ஏசாயா 19-ஐச் சொல்லலை. பக்கம் பக்கமா அசீரியாவைக் கோடாலி, கோல், வெள்ளம்னு விளாசின புத்தகம் அந்த அதிகாரத்தோட கடைசி மூணு வசனத்துல திடீர்னு தலைகீழாத் திரும்புது. எகிப்துல இருந்து அசீரியாவுக்கு ஒரு பெரும்பாதை வருமாம், அந்த ஜனங்க இங்கே வருவாங்களாம், இந்த ஜனங்க அங்கே போவாங்களாம், எகிப்து என் ஜனம், அசீரியா என் கைகளோட கிரியைன்னு கடவுளே ஆசீர்வதிப்பாராம்! லாகீஸ்ல ஜனங்களைக் கழுவுல ஏத்தினானே, அந்த அசீரியா! இதை முதல் தடவை முழுசா வாசிச்சப்போ நான் 64 பஸ்ல, கூட்டத்துல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன், போன் வெளிச்சத்துல, பெரம்பூர்ல இறங்க வேண்டியவன் இறங்காம அடுத்த ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன். பக்கத்துல நின்ன பெரியவர்கிட்ட, "ஐயா, அசீரியாவையும் மன்னிச்சுட்டாருங்க"ன்னு சொல்லிட்டேன். அவர் பொறுமையா என்னைப் பார்த்து, "யாருப்பா அது, உங்க ஓனரா?"ன்னார்.

இல்லைங்க ஐயா, உக்காருங்க சொல்றேன்னு ஆரம்பிச்சேன். திக்லாத்பிலேசர்ல இருந்து.